வாடகைக்காக வாங்கிய ஒரு லைன் வீடு: கடன், விலை, இரண்டு ஆண்டுக் கணக்கு

கோவை சரவணம்பட்டி பக்கம் 2024-இல் ஒரு குடும்பம் வாடகை வருமானத்துக்காக ஒரு கட்டடம் வாங்கியது. அதன் விவரம் இது. எங்கள் அலுவலகம் அவர்களுடைய வருமான வரிக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதால், பேச்சு தொடங்கியதிலிருந்து இன்றுவரை காகிதங்கள் எல்லாம் எங்கள் மேசை வழியாகத்தான் போயின. அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். தொகைகளைக் கொஞ்சம் முழு எண்களாக்கியிருக்கிறேன்.

பின்னணி

கணவருக்கு அப்போது 40 வயது. தனியார் நிறுவன வேலை, கைக்கு வருவது மாதம் ரூ.78,000. மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. அவர் கைக்கு ரூ.46,000. ஆக ரூ.1,24,000. குடியிருக்கும் வீடு சொந்தம், அதற்கு மாதத் தவணை ரூ.21,000 போய்க்கொண்டிருந்தது. சேமிப்பு என்று பார்த்தால் வைப்பு நிதியில் 14 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 8 லட்சம், முடிந்த சீட்டுப் பணம் 4 லட்சம். மொத்தம் 26 லட்சம்.

ஏற்கெனவே நிறைய ஃபிளாட் பார்த்திருந்தார்கள். 60 லட்சத்து ஃபிளாட்டுக்கு 15,000 வாடகை வந்தால் பெரிது, அதில் பராமரிப்புக் கட்டணம் வேறு போகும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். அப்புறம்தான் தரகர் இந்த லைன் வீட்டைக் காட்டினார். 4 சென்ட் நிலம். தரைத்தளத்தில் இரண்டு வீடு, முதல் மாடியில் இரண்டு வீடு, அதற்கு மேலே மொட்டை மாடியில் ஒற்றை அறை. ஐடி நிறுவனங்களும் கல்லூரிகளும் இருக்கும் பகுதி என்பதால் ஆள் கிடைப்பது சிரமமில்லை. விலை 84 லட்சம். ஐந்து போர்ஷனுக்கும் சேர்த்து வாடகை ரூ.34,000 என்றார் தரகர்.

2024 ஜனவரியில் எங்களிடம் வந்தபோது கையில் ஒரு கணக்குத் தாள் இருந்தது. தரகரும் ஒரு கடன் ஏஜெண்டும் சேர்ந்து போட்டது. விலையில் 80 சதவீதம் கடன், அதாவது 67.2 லட்சம். பத்திரச் செலவு சேர்த்துக் கையிலிருந்து போடவேண்டியது சுமார் 25 லட்சம். கையில் 26 இருக்கிறது. தவணை மாதம் 52,900. அதில் 34,000-ஐ வாடகையே பார்த்துக்கொள்ளும். மிச்சம் 19,000 சம்பளத்திலிருந்து போகும், அதிலும் பாதி வரி மிச்சத்தில் திரும்பி வந்துவிடும். தாள் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்தத் தவணைத் தொகை 30 ஆண்டுக் கடனுக்கானது. 40 வயது சம்பளக்காரருக்கு அந்த வங்கி ஓய்வு வயதுவரைதான், அதாவது 20 ஆண்டுக்குத்தான் கடன் தரும். அப்போதிருந்த 8.75 சதவீத வட்டிக்கு 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு ரூ.884 தவணை. 67.2 லட்சத்துக்கு மாதம் ரூ.59,400 வரும். சொந்த வீட்டுத் தவணையையும் சேர்த்தால் 80,000-ஐத் தாண்டும், கைக்கு வரும் சம்பளத்தில் கிட்டத்தட்ட 65 சதவீதம். எந்த வங்கியும் இதற்குத் தலையாட்டாது.

நேரில் பார்த்ததும் கேட்டதும்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருநாள் சாயங்காலம், குடியிருப்பவர்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்தத் தம்பதியைப் போய் வரச் சொன்னோம். தரகர் இல்லாமல். இந்த முழு விவகாரத்திலும் அதிகப் பலன் தந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

தரைத்தளத்தின் பின் வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். மாதம் 7,500 வாடகை என்று தாளில் எழுதியிருந்த வீடு அது. வாடகை எவ்வளவு என்று மனைவி கேட்டதும் அவர் முழித்திருக்கிறார். "வாடகை எதுக்குங்க? நாங்க போக்கியத்துக்குல்ல இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, பீரோவைத் திறந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்து வந்து காட்டியிருக்கிறார். உள்ளே 20 ரூபாய் பத்திரத்தாள். 5 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு மூன்று ஆண்டு குடியிருக்க விடுவதாக வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பதிவு எதுவும் செய்யப்படவில்லை. மூன்று ஆண்டில் 14 மாதம் பாக்கி இருந்தது.

பதிவு செய்யாததால் அந்தப் போக்கியம் வில்லங்கச் சான்றில் தெரியவே தெரியாது. சான்றை 30 வருடத்துக்குப் போட்டு எடுத்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டை வாங்குகிறவர் தலையில் 5 லட்சம் கடனும், 14 மாதம் ஒரு ரூபாய்கூட வராத ஒரு போர்ஷனும் வந்து விழும்.

முதல் மாடிப் பின் வீடு (6,500) இரண்டு மாதமாகக் காலி. ஆக 34,000 என்று சொன்ன கட்டடத்தில் உண்மையில் வந்துகொண்டிருந்தது 20,000: தரைத்தள முன் வீட்டில் 8,500, மாடி முன் வீட்டில் 7,500, மேல் அறையில் 4,000. இந்த மூன்று குடித்தனக்காரர்களிடமும் பழைய வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த முன்பணம் 1,05,000. வீடு கைமாறினால் அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் புதியவருக்குத்தான் வரும்.

மின் இணைப்பு ஐந்து போர்ஷனுக்கும் சேர்த்து இரண்டுதான். மற்றவர்களுக்கு சப்-மீட்டர். தமிழ்நாட்டில் அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் எப்போதும் மேல் அடுக்கில்தான் ஓடும். குடியிருப்பவர்களுக்கு அந்த வீட்டில் பெரிய குறையே கரண்ட் பில்தான்.

வங்கி பார்த்த விதம்

விலை பேசி முடிப்பதற்கு முன்பே வங்கியில் விண்ணப்பம் கொடுக்கச் சொன்னோம். வழக்கமாக எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்: அட்வான்ஸ் கொடுத்து, தேதி குறித்து, அப்புறம் வங்கிக்கு ஓடுவது.

வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தை அளந்துவிட்டு அனுமதி வரைபடத்தைக் கேட்டார். வரைபடம் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இருந்தது. மேல் அறை அதில் இல்லை. ஆகவே அந்த அறைக்கு மதிப்பு பூஜ்யம். நிலம், பழைய கட்டடத்தின் தேய்மானம் எல்லாம் கழித்து அவர் போட்ட மதிப்பு 70 லட்சம். விலை 84 லட்சமாக இருந்தாலும் வங்கி இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். முத்திரைத்தாள், பதிவுச் செலவை மதிப்பில் சேர்க்கவும் கூடாது. ஆக 56 லட்சம்.

அடுத்தது வருமானம். அந்த வங்கி கைச் சம்பளத்தில் 55 சதவீதம்வரை தவணைகளுக்குப் போகலாம் என்று வைத்திருந்தது. 1,24,000-இல் 55 சதவீதம் 68,200. ஏற்கெனவே ஓடும் 21,000 போக 47,200. அதைத் தவணையாக வைத்துக் கணக்கிட்டால் கடன் 53 லட்சம்தான் வரும். வரப்போகும் வாடகையை வருமானமாகச் சேர்க்கவில்லை. எந்தக் குடித்தனத்துக்கும் முறையான ஒப்பந்தம் இல்லை, வாடகை எதுவும் வங்கிக் கணக்கு வழியாகவும் வரவில்லை. இல்லாத காகிதத்துக்கு வங்கி மதிப்புப் போடாது.

ஆக 53 லட்சம். 84 லட்சம் விலை, 9 சதவீதம் முத்திரைத்தாள் மற்றும் பதிவுக் கட்டணம் 7.56 லட்சம், வங்கியின் செயலாக்கக் கட்டணம், சட்டக் கருத்து, அடமானப் பதிவு, பத்திர எழுத்தர் எல்லாம் சேர்த்து 70,000. கையிலிருந்து போடவேண்டியது 39 லட்சத்துக்கு மேல் போனது. வைத்திருந்த மொத்தத்தையும் துடைத்துப் போட்டாலும் 13 லட்சம் துண்டு விழுந்தது.

வங்கி வழக்கறிஞர் இன்னொன்று கேட்டார். சொத்து விற்பவரின் அப்பா பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே கிடந்தது. "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு சார்" என்றார் விற்பவர். சட்டம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. தங்கையும் கிரயப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில் வழக்கறிஞர் அசையவில்லை. தங்கை சம்மதித்தார், ஆனால் தனக்கும் பங்கு வேண்டும் என்றார். இது விலைப் பேச்சை எப்படி மாற்றியது என்பது கீழே.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கடன் ஏஜெண்ட் உடனே ஒரு வழி சொன்னார். 10 லட்சம் தனிநபர் கடன், மிச்சத்துக்கு நகை. 13 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு ஐந்து ஆண்டுத் தவணை மாதம் 22,750 ஆகும். வீட்டுக் கடன் தவணைகள் இரண்டோடு இதையும் சேர்த்தால் 90,000. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமே மீதியில் பாதியைச் சாப்பிட்டுவிடும். இதை அவர்கள் அன்றே மறுத்துவிட்டார்கள்.

விற்பவர் பக்கமிருந்து வேறொரு யோசனை வந்தது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டி 52 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுக்கொள்வோம், மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், பத்திரச் செலவும் மிச்சமாகுமே என்றார். இப்படி நடக்கிறதா என்று கேட்டால் நடக்கிறது. இங்கே அது மூன்று வழியில் இடிக்கும். பத்திர மதிப்பு குறைந்தால் கடன் குறையும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்.எஸ். பிரிவுக்கு விரோதம், ரொக்கத்தைப் பெற்ற விற்பவர் மேல் அதே தொகைக்குச் சமமான அபராதம் விழும். மூன்றாவது, நாளை இவர்கள் விற்கும்போது வாங்கிய விலை 52 லட்சம் என்றுதான் கணக்கு தொடங்கும். கொடுத்த ரொக்கத்துக்கும் சேர்த்து லாப வரி கட்ட வேண்டியிருக்கும். முழு விலைக்கும் பத்திரம், எல்லாப் பணமும் வங்கி வழியாக மட்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

மிச்சமிருந்த வழிகள் இரண்டு: விலையைக் குறைப்பது, இல்லாவிட்டால் விடுவது. விடுவதற்கு அவர்கள் உண்மையிலேயே தயாராக இருந்தார்கள் என்பதுதான் பேச்சில் உதவியது. மதிப்பீட்டு அறிக்கையை அப்படியே விற்பவர் முன் வைத்தார்கள். வேறு யார் வங்கிக் கடனில் வாங்க வந்தாலும் இதே 70 லட்சம்தான் வரும், தங்கை கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. அண்ணன் தங்கை இருவருக்கும் அந்த ஆண்டே பணம் தேவைப்பட்டது. சில வாரம் இழுத்து 74 லட்சத்தில் முடிந்தது.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். அட்வான்ஸ் 10 லட்சம். அதில் 5 லட்சம் நேரடியாகப் போக்கியக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு. அவர்கள் பணம் பெற்றுக்கொண்டதாகவும் வீட்டின் மேல் தங்களுக்கு உரிமை இல்லை என்றும் எழுதிக் கொடுத்த பிறகே மீதிப் பேச்சு என்று ஒரு நிபந்தனை. அந்த அம்மாவை அதே வீட்டில் மாத வாடகைக்கு இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மாதாமாதம் வாடகை கொடுக்கிற வருமானம் தங்களுக்கு இல்லை, அதனால்தான் போக்கியத்துக்கே வந்தோம் என்று சொல்லி, வேறு இடத்தில் இதேபோல் ஒரு வீடு பிடித்துப் போய்விட்டார்கள். குடித்தனக்காரர்களின் முன்பணம் 1,05,000-ஐ விலையில் கழித்துக்கொள்ள விற்பவர் ஒப்புக்கொண்டார்.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. விலை 74 லட்சம், பதிவு 6.66 லட்சம், இதர செலவு 70,000, மொத்தம் 81.36 லட்சம். கடன் 53 லட்சமும் முன்பணக் கழிவும் போகக் கையிலிருந்து 27.31 லட்சம். சேமிப்பு 26 லட்சத்தில் 3 லட்சத்தைத் தொடவே கூடாது என்று ஒதுக்கினார்கள். துண்டு விழுந்த 4.3 லட்சத்துக்கு நகைக் கடன்.

இந்த நகைக் கடனில் எனக்கு உடன்பாடு இல்லை. விலையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருக்கலாம், அல்லது அவர்களுக்குள் ஒருவரின் போனஸ் வரும்வரை பதிவை இரண்டு மாதம் ஒத்திப்போட்டிருக்கலாம். விற்பவர் மனம் மாறிவிடுவார், தங்கை வேறு ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு. அதுவும் காரணமில்லாத பயம் இல்லை.

பதிவு 2024 மே மாதம். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இங்கே வாங்குகிறவர் இருவர், விற்கிறவர் இருவர். ஒவ்வொரு சோடிக்கும் பிடித்த வரியைக் கட்டும் 26க்யூபி படிவம் தனித்தனியாக, ஆக நான்கு. பத்திர எழுத்தர் ஒன்று போதும் என்று சொல்லியிருந்தார். ஒன்றே ஒன்று போட்டிருந்தால் தங்கை பெயரில் பிடித்த வரி அவர் கணக்கில் ஏறாமல் அடுத்த ஆண்டு தகராறாகியிருக்கும்.

முதல் ஆண்டு

53 லட்சத்துக்குத் தவணை ரூ.46,840. பதிவு நாளில் வாடகை வந்துகொண்டிருந்தது 20,000.

காலியான இரண்டு வீடுகளுக்கும் வெள்ளையடித்து, குளியலறைக் குழாய்களை மாற்றி, கதவு ஒன்றைப் புதிதாகப் போட்டது 85,000. ஆகஸ்டில் தரைத்தளப் பின் வீடு 8,000-க்கும், செப்டம்பரில் மாடிப் பின் வீடு 6,500-க்கும் போயின. எல்லாரிடமும் எழுத்து ஒப்பந்தம் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், அதையும் செய்தார்கள். பழைய குடித்தனக்காரர்கள் இருவர் முதலில் தயங்கினார்கள், வாடகை ஏற்றத்தான் இந்தக் காகிதம் என்று நினைத்தார்கள். வாடகை இனி வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை.

வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்குப் போனபோது கட்டடத்தை மறுபடி அளந்தார்கள். பழைய கணக்கில் இல்லாத மேல் அறையும் சேர்ந்து வரி ஏறியது.

2025 மார்ச்சில் மேல் அறைப் பையன் வேலை மாறிக் காலி செய்தான். அனுமதியில் இல்லாத அறை, ஏறிப் போகும் படியும் குறுகல். ஏதாவது விபத்து என்றால் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. அதை மறுபடி வாடகைக்கு விட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஏப்ரலில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. மோட்டாரை வெளியே எடுத்து, புதிதாக இறக்கி, குழாயும் மாற்றி 38,000. அந்த நான்கைந்து நாளும் லாரித் தண்ணீர்.

2024 ஜூன் முதல் 2025 மே வரையிலான கணக்கு:

வந்த வாடகை ரூ.3,66,500. பழுது, மோட்டார், வீட்டு வரி, பொது மின்சாரம், தண்ணீர், துப்புரவு, தரகர் கமிஷன் எல்லாம் போன செலவு ரூ.1,72,900. மிஞ்சியது ரூ.1,93,600. கட்டிய தவணை ரூ.5,62,000. ஆக சம்பளத்திலிருந்து போனது ரூ.3,68,400, மாதத்துக்குச் சராசரி 30,700.

வாங்கும் முன் நாங்கள் போட்டுக் கொடுத்த கணக்கில் இந்தத் துண்டு மாதம் 18,000 என்று இருந்தது. ஐந்து போர்ஷனும் நிரம்பி ஓடும் சாதாரண ஆண்டுக்கான கணக்கு அது. முதல் ஆண்டு சாதாரண ஆண்டாக இருப்பதில்லை. ஒதுக்கி வைத்த 3 லட்சத்தில் 1.6 லட்சம் கரைந்தது. நகைக் கடனில் அசல் குறையவில்லை, வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்தார்கள்.

இன்னொரு எண்ணும் இங்கே வேண்டும். கட்டிய 5.62 லட்சத்தில் அசலுக்குப் போனது சுமார் ஒரு லட்சம்தான். மிச்சம் எல்லாம் வட்டி. வாடகை முழுசாக வந்து செலவும் சுருங்கினால்கூட அது முதலாண்டு வட்டிக்கே எட்டாது. போட்ட மொத்தப் பணத்துக்கு வாடகை 5 சதவீதத்தை ஒட்டி வருகிறது; கடனுக்கு வட்டி 8.75. வாடகைக்காக வாங்குகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த இடைவெளி இருக்கும்வரை அவர்கள் உண்மையில் வாங்குவது நிலத்தை, அதற்கு மாதாமாதம் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைத்தான் குடித்தனக்காரர்கள் தருகிறார்கள். நிலம் விலை ஏறினால் சரி. ஏறாவிட்டால் அதே 27 லட்சம் வைப்பு நிதியில் நிம்மதியாகக் கிடந்திருக்கும்.

கடன் ஏஜெண்ட் தாளில் இருந்த வரி மிச்சம் என்ன ஆனது? வாடகை வருமானத்தில் கட்டிய வீட்டு வரியும் 30 சதவீதமும் கழித்து, அதிலிருந்து வட்டியைக் கழித்தால் நட்டம்தான் வரும். பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம்வரை அந்த நட்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்டலாம். அந்த 2 லட்சத்தில் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்துவிடும் என்பதால் முதல் ஆண்டே தாளில் இருந்த அளவு வரவில்லை. புதிய முறையில் சம்பளத்தோடு ஈடுகட்டவே முடியாது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம்வரை வரி இல்லை என்று ஆனபோது இருவருக்கும் அதுவே லாபம் என்று மாறிக்கொண்டார்கள். வாடகை மேல் வரி இல்லை, சம்பளத்துக்கான வரியில் மிச்சமும் இல்லை. தாளில் அந்த வரி மிச்சத்தை அடித்துவிட வேண்டியதுதான்.

இரண்டாம் ஆண்டு

ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் மாதங்களில் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி) மொத்தம் ஒரு சதவீதம் குறைத்து 5.50-க்குக் கொண்டுவந்தது. இவர்களுடைய கடன் ரெப்போவோடு கட்டப்பட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். அக்டோபருக்குள் 7.75 சதவீதம் ஆனது.

வட்டி குறைந்தால் வங்கி தானாகவே தவணைத் தொகையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடுகிறது. இங்கே அது சுமார் 31 மாதம். தவணையைக் குறைக்கச் சொன்னால் மாதம் 3,200 மிச்சமாகும், காலம் மாறாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை வட்டி மாறும்போது கடன்காரருக்கு இதைத் தெரிவித்து, அவர் விருப்பத்துக்கு இடம் தர வேண்டும் என்கிறது. சாதாரணமாகக் காலத்தைக் குறைப்பதுதான் லாபம், வட்டியில் பெரிய தொகை மிச்சமாகும். இவர்கள் தவணையைக் குறைக்கக் கேட்டார்கள். ஒதுக்கு நிதி பாதியாகிவிட்ட, நகை இன்னும் அடகில் இருக்கிற வீட்டுக்கு அது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். நகை திரும்பிய பிறகு பழைய தொகையையே கட்டலாம். தனிநபருக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

தவணை இப்போது 43,650. நான்கு வீட்டு வாடகை சிறிய ஏற்றத்துக்குப் பிறகு 31,800. மாதச் செலவு சராசரி 4,500. சம்பளத்திலிருந்து போவது சுமார் 16,350. நகைக் கடனில் பாதி அடைந்துவிட்டது.

மாற்றியிருக்க வேண்டியவை

காலியாக இருக்கும் மாதங்களுக்கும் முதல் பழுதுக்கும் சேர்த்து ஒரு தொகையை வாங்கும் செலவிலேயே எழுதியிருக்க வேண்டும். இந்தக் கட்டடத்துக்கு அது இரண்டு லட்சம் இருந்திருக்கும். அதைப் பதிவுச் செலவோடு சேர்த்து எழுதியிருந்தால் 74 லட்சமும் அதிகம் என்று தெரிந்திருக்கும், பேச்சு இன்னும் ஒரு சுற்று போயிருக்கும். இப்போது யார் வந்தாலும் எங்கள் தாளில் அந்தச் செலவு முதலில் இருக்கிறது.

தனி மின் இணைப்பு விஷயத்தைப் பதிவுக்கு முன் விற்பவர் தலையில் வைத்திருக்கலாம். வாங்கிய பிறகு மனைவி தானே அலைந்து மாடி வீடுகள் இரண்டுக்கும் தனி இணைப்பு வாங்கினார். அதற்கு அப்புறம் அந்த இரண்டு வீடும் காலியாகவே இல்லை. வாடகை ஏற்றத்துக்கு முணுமுணுப்பும் வரவில்லை. செய்த செலவுகளிலேயே நேரடியாகப் பலன் தந்தது இதுதான் என்று கணவரே சொல்கிறார்.

மேல் அறை 4,000-ஐ முதல் நாளிலிருந்தே கணக்கில் சேர்த்திருக்கக் கூடாது. மதிப்பீட்டாளர் பூஜ்யம் என்று போட்ட இடத்தில் வாடகைக் கணக்கிலும் பூஜ்யம்தான் போட வேண்டும்.

போன மாதம் அதே தரகர் இன்னொரு லைன் வீட்டைக் கொண்டுவந்தார். 60 லட்சம், மூன்று போர்ஷன். இந்த முறை வீட்டைப் பார்க்கப் போகாமல் முதலில் வங்கிக்குத்தான் போனார்கள். ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தத்தோடு கணக்கு வழியாக வந்த வாடகை என்பதால் அதில் ஒரு பகுதியை வங்கி வருமானமாக ஏற்றுக்கொண்டது, சம்பளமும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அப்படியும் தகுதி 22 லட்சத்தைத் தாண்டவில்லை. தரகரிடம் நகையை மீட்ட பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.